எத்தனை முறை வெளியே போனீர்கள்?

எண்பத்திரண்டாம் ஆண்டு தேக்காவில் ஒரு சந்து முழுக்க வயிறு கழிந்தது. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது மதலேனாவின் தள்ளுவண்டியில் மட்டும்தான். ஏன் அவள் வண்டியில் என்று கேட்டதற்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் மறைக்காமல் பதில் சொன்னார். அந்தச் சந்தில் தாள் ஒட்ட வாகான பலகை வேறு யாரிடமும் இல்லை.

மதலேனா விற்றது இடியாப்பம். அந்த ஊரில் அதைப் ‘புத்து மாயம்’ என்றால்தான் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் புரியும். குவீன்ஸ்டவுனில் இருந்து முதல் பஸ்ஸில் மாவோடு வந்து, சந்தில் வண்டியை நிறுத்தி, ஆவி பறக்கப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவிக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷம். அவள் கையில் தின்றவர்கள் கல்யாணம் முடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து தின்றிருக்கிறார்கள்.

வயிறு கழிந்த காரணம் சந்தில் இருந்த பூனைக்குக்கூடத் தெரியும். சந்து முனையில் புதுச் சந்தைக் கட்டடத்தின் குழாய் இணைப்புக்குப் பள்ளம் தோண்டினவர்கள் தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே கொத்தில் உடைத்துவிட்டார்கள். மூன்று நாள் குழாயில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. நாலாம் நாள் ஒரு கிழட்டு பைப் ரிப்பேர்க்காரர் வந்தார், ஸ்பானரை நாலு திருகு திருகினார், ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு சந்தில் யாருக்கும் வயிறு கழியவில்லை. தாள் ஒட்டப்பட்டது அதற்கு மறுநாள்.

“காரணம் தெரியற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது” என்றார் இன்ஸ்பெக்டர்.

“காரணம் அந்தா இருக்கு சார், உங்க காலுக்குப் பக்கத்துல. அந்தக் குழாய்தான்.”

“அது நீங்க வாயால சொல்றது லா. ரூல் மாறிப்போச்சு. காரணம் எழுத்து மூலமா வரணும்.”

“அவ்வளவுதானா? ஒரு பேப்பர் குடுங்க, நானே எழுதித் தாறேன்.”

“நீங்க எழுதுனா எப்படி? அதுக்குன்னு ஒரு நிலையம் வெச்சிருக்கோம்.”

பக்கத்தில் பத்திரிகைக் கடை போட்டிருந்த நெய்னா முகம்மதுக்கு வாய் சும்மா இருக்காது. “எழுத்து மூலமா? எனக்குத் தெரிஞ்சது ரத்த மூலம் ஒண்ணுதான். இது என்ன புதுசா?” என்றார். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் அதையும் குறித்துக்கொண்டார்.

மதலேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முடியும் தறுவாயில் இருந்த அந்தப் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்கு ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். சாவி கொடுக்கும் நாள் அடுத்த மாதம் முப்பதாம் தேதி. அன்றோடு சந்தில் தள்ளுவண்டிகளுக்கு இடமில்லை. அதுவரை சிவப்புத் தாள் கிழியாவிட்டால் கடை வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வண்டியும் போய், கடையும் போய், அவள் கையில் மிஞ்சுவது இடியாப்ப உரல்தான். எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தாறு நாள் இருந்தது.

காத்தோங் பக்கம் கடலைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் இருந்தது குடல்நோய் மரபெழுத்து ஆய்வு நிலையம். வாசலில் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் லீலா என்கிற பெண், கண்ணாடி போட்டவள், கெட்டிக்காரி. “ஆன்ட்டி, அப்பாயின்ட்மென்ட் இல்லாம டைரக்டரைப் பார்க்க முடியாது லா” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் டாக்டர் சேதுபதி கதவைத் திறந்துகொண்டு வந்தார். கேட்க ஆள் கிடைத்தால் விடுகிற மனிதர் இல்லை அவர். பேச்சு முழுக்க வானொலித் தமிழ்.

“வாருங்கள் அம்மையீர். நோயின் காரணம் கிருமி. கிருமிக்குள் ஒரு நூல் இருக்கிறது. அந்த நூல் நான்கே நான்கு எழுத்துகளால் ஆனது. அதை எழுத்துக் கூட்டி வாசித்தால் காரணம் தானே வெளிப்படும்.”

“நாலே எழுத்தா? அப்படின்னா இன்னைக்கே படிச்சிரலாமே ஐயா. நான் இப்படி ஓரமா வெயிட் பண்றேன்.”

லீலா தட்டச்சுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். “நாலு எழுத்துதான் ஆன்ட்டி. ஆனா அது மாறி மாறி ஆயிரத்து இருநூறு தடவை வரும். அதையும் ஒரு நாளைக்கு முப்பதுதான் படிக்க முடியும்.”

மதலேனா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் கணக்கில் புலி. நாற்பது நாள். ஆறு நாள் மிச்சம். சரி, மாதாவே, தாங்கிக்கொள்ளலாம்.

அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வழவழவென்று ஒரு பாகு, அதில் கரண்ட் ஓடுகிறது, கடைசியில் எக்ஸ்ரே படம் ஒன்று வருகிறது, அதில் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். ஒருவர் கோட்டைப் பார்த்து எழுத்தைச் சொல்வார். இன்னொருவர் எழுதிக்கொள்வார். மூன்றாமவர் முன்னிரண்டு பேரும் விழித்திருக்கிறார்களா என்று மேற்பார்வை பார்ப்பார். மதலேனா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குள் இத்தனை நேர்த்தியாக ஒரு ஏணியா! அவளை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு தினமும் போனாள். வண்டி இல்லாத கைக்கு வேலையில்லை. காத்திருக்கும் பெஞ்சில் கைப்பையை உரல் பிழிவது போலப் பிழிந்துகொண்டிருப்பாள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய், “இன்னைக்கு எத்தனை எழுத்து?” என்பாள். லீலா விரலுக்குப் பத்து என்று காட்டுவாள். சில நாள் மூன்று விரல், சில நாள் இரண்டு, ஒரு நாள் மூடிய கை.

“என்ன ஆச்சு?”

“தமிழ்ல தகராறு ஆன்ட்டி.”

ஆண்டறிக்கை தமிழிலும் வர வேண்டும் என்பது டாக்டர் சேதுபதியின் ஆசை. ஆகவே கிருமியின் நான்கு எழுத்துகளுக்கும் தமிழ் எழுத்து வேண்டும். அ, க, த மூன்றும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டன. நான்காவதைச் ‘ச’ என்பதா ‘ஸ’ என்பதா? ஸ வந்தால் மூன்று புலவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ச வந்தால் விஞ்ஞானிகள் அதைத் தப்பாக உச்சரிப்பார்கள். எட்டு நாள் கூட்டம் நடந்தது. தேநீரோடு தின்னக் கரிபாப் மட்டும் இருநூறு வந்தது. கடைசியில் நான்காம் எழுத்து வரவேண்டிய இடங்களில் யார் மனமும் புண்படாதபடி மரியாதையாக ஒரு இடைவெளி விடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த எட்டு நாளும் கிருமியை யாரும் வாசிக்கவில்லை. மதலேனாவின் ஆறு நாள் மிச்சம் கரிபாப்போடு போனது, மேற்கொண்டு இரண்டு நாள் கடன்.

அப்புறம் ஐந்நூறாவது எழுத்து விழா. பந்தல், குத்துவிளக்கு, எக்ஸ்ரே படத்துக்கு மல்லிகைச் சரம். சிறப்பு விருந்தினர் ஒருவர் ஐந்நூறாவது எழுத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் வாசிக்க அழைக்கப்பட்டார். அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். படத்தை ஒரு பார்வை பார்த்து, “அ!” என்று முழங்கினார். படத்தில் இருந்தது த. விருந்தினரைத் திருத்துவது பண்பாகாது என்று கருதிய நிலையம், பிழை கிருமியுடையதாக இருக்கக்கூடும் என்று அடிக்குறிப்பு எழுதிச் சேர்த்தது.

டாக்டர் சேதுபதி அன்று பேசியது மதலேனாவுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

“அவையோரே! நோயாளிகள் வருவார்கள். குணமாவார்கள், அல்லது ஆகமாட்டார்கள். அது அவரவர் சொந்த விஷயம். ஆனால் காரணம் என்பது பொதுச் சொத்து. அதை நாங்கள் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறோம். இந்த நிலையம் தொடங்கி ஆறு ஆண்டுகளில் ஒரு நோயாளியைக்கூட நாங்கள் நேரில் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் அவசரம் வரும். அவசரம் வந்துவிட்டால், அன்பர்களே, வேலை முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது!”

கைத்தட்டல் வானைப் பிளந்தது. மதலேனாவும் தட்டினாள். தட்டினால் சீக்கிரம் முடிப்பார்களோ என்ற நப்பாசை.

இருபதாம் தேதி ஆயிற்று. லீலா பதிவேட்டு அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்த மதலேனா, “குடு பிள்ள, நானும் அடுக்குறேன். சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்” என்று உள்ளே போனாள். அலமாரியில் சின்னச் சின்னத் தகரடப்பாக்கள். ஒன்றில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘முதன்மை நோயாளி. கிருமியின் மூலம். பெயர்: நெய்னா முகம்மது. நாளொன்றுக்குப் பத்தொன்பது முறை.’

மதலேனா இரண்டு தடவை படித்தாள்.

“லீலா, இது எங்க பாயில்ல? பேப்பர் கடை பாய்?”

“ஆமா ஆன்ட்டி. பாவம், சந்திலேயே மோசமான கேஸ் அவருதான்.”

“அவருக்கு ஒண்ணுமே வரலையே! அவரு பெஞ்சாதி மைமூன் ராத்தாதான் நாலு நாள் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்திக் கெடந்தது. இந்த மனுசன் அந்த மூணு நாளும் குழாயடிப் பக்கமே போகல. கோலா குடிச்சுக்கிட்டு கல்லுக் குண்டு மாதிரி இருந்தாரு!”

லீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நிலையம் சந்துக்கு ஆள் அனுப்பி நிரப்பிய தாள்களில் நெய்னா முகம்மதுவின் கேள்வித்தாளைத் தேடி எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கேள்வி: ‘கடந்த வாரத்தில் நாளொன்றுக்கு எத்தனை முறை வெளியே போனீர்கள்?’ பதில்: பத்தொன்பது. இரண்டாம் கேள்வி: ‘போகும்போது வலி இருந்ததா?’ பதில்: இடது முழங்காலில். மூன்றாம் கேள்வி: ‘அவசரமாகப் போக நேர்ந்ததா?’ பதில்: ஆம், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு.

“பேதியாச்சான்னு நேரா கேக்க வேண்டியதுதானே! இது யாரு கண்ணு எழுதுனது?” என்றாள் மதலேனா.

லீலா சொன்ன கதை இது. முதலில் ‘பேதி’ என்றுதான் இருந்தது. குழுவில் ஒருவர் அது நாகரிகமாக இல்லை என்றார். ‘வயிற்றுப்போக்கு’ என்று மாற்றினார்கள். அதைக் கேட்டாலே சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார் இன்னொருவர், கரிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு. அப்போதுதான் ஒரு பெரியவர், நம் பெரியவர்கள் இதைக் கௌரவமாக ‘வெளிக்குப் போவது’ என்பார்களே என்று எடுத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் திருப்தி. தாள் அச்சுக்குப் போனது. அங்கே பிழை திருத்துகிறவர், ‘வெளிக்கு’ என்பது கொச்சை என்று அடித்துவிட்டு ‘வெளியே’ என்று நல்ல தமிழில் திருத்தினார்.

மைமூனின் தாளும் அதே அலமாரியில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு படுத்திருந்தவளிடம் நர்ஸ் கேட்டு எழுதியது. எத்தனை முறை வெளியே போனீர்கள்? ‘ஒருமுறைகூட இல்லை.’ கீழே நிலையத்தின் குறிப்பு: ‘பூரண ஆரோக்கியம். ஒப்பீட்டுக்கு உகந்தவர்.’

“அப்ப இந்த அறுநூறு சொச்சம் எழுத்தும்?”

“பாய் வயித்துல சும்மா குடியிருக்கிற நல்ல கிருமி ஆன்ட்டி. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது.” லீலா தாளை மடியில் மடித்து வைத்தாள். “சரியான வயித்துல எடுத்திருந்தா, நிஜமாவே இது பெரிய விஷயம் ஆன்ட்டி. எத்தனையோ உயிரைக் காப்பாத்தலாம். நான் அதை நம்பித்தான் இங்க வேலைக்கு வந்தேன்.”

மதலேனா நெய்னா முகம்மதைப் போய்க் கேட்டாள். “பத்தொன்பது தடவைன்னு எழுதிக் குடுத்தீங்களா பாய்?”

“கொறைச்சுத்தான் சொன்னேன். கடைக்கு, டீக்கு, அஞ்சு வேளை பள்ளிக்கு, வட்டிக்கடைச் செட்டியாரோட பேச, மைமூனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு.”

“அப்புறம் டப்பாவைக் குடுத்து அதையும் கேட்டாங்களே, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“ஒரு மனுசன் டை கட்டிக்கிட்டு வந்து அவ்வளவு ஆசையா கேக்கும்போது இல்லேன்னு சொல்றதா, தங்கச்சி?”

மறுநாள் அவளும் லீலாவுமாக டாக்டர் சேதுபதியின் முன்னால் போய் நின்றார்கள். அவர் இரண்டு தாள்களையும் படித்தார். இரண்டையும் ஓரம் பார்த்து அடுக்கி வைத்தார்.

“அம்மையீர், நாம் தவறான மனிதரிடம் கிருமி எடுத்தோம் என்று சொல்வது கடுமையான சொல். சரியான மனிதர் இன்னும் நோயுறவில்லை, அவ்வளவுதான். அறிவியலுக்குப் பொறுமை வேண்டும்.”

“ஐயா, ஊருக்கே சரியாப்போச்சு!”

“ஊர் அவசரப்பட்டுவிட்டது.”

அன்று மதியமே சந்தில் நெய்னா முகம்மதுவின் கடைக்கு எதிரில் ஒரு முக்காலி போடப்பட்டது. முக்காலியில் குறிப்பேட்டோடு ஓர் அதிகாரி. நெய்னா முகம்மது எழுந்தால் அவரும் எழுவார். உட்கார்ந்தால் உட்காருவார். ஐந்து நாள் இப்படி நடந்தது.

“எனக்கே கூச்சமாப் போச்சு தங்கச்சி” என்றார் நெய்னா முகம்மது. “வந்த மனுசனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதேன்னு மூணு தட்டு ரோஜாக், ரெண்டு தட்டு மீ கோரெங், நேத்து ஊறுன கஞ்சி எல்லாம் தின்னு பார்த்துட்டேன். இந்தப் பாழும் வயிறு ஒத்துழைக்க மாட்டேங்குது.”

“நீங்களாச்சும் கொஞ்சம் மனசு வையுங்க பாய்” என்று சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து மதலேனா வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காக ஒரு மனுசனுக்குப் பேதி வர வேண்டும் என்று கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டாளே! அன்று பிராட்டஸ்டன்ட் கோயில், கத்தோலிக்கக் கோயில், வழியில் இருந்த வீரமாகாளி கோயில் என்று எந்த வாசலையும் விடாமல் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள்.

இருபத்தெட்டாம் தேதி நிலையம் முடிவுக்கு வந்தது. முக்காலி அதிகாரிக்கு வெயிலில் தலைவலி வந்ததும் ஒரு காரணம். டாக்டர் சேதுபதி மதலேனாவைக் கூப்பிட்டனுப்பி, எழுந்து நின்றே அறிவித்தார்.

“முதன்மை நோயாளியின் கிருமியில் நாங்கள் வாசித்தவரை நஞ்சு எழுத்துகள் இல்லை. நஞ்சு இல்லையேல் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் காரியம் உண்டாகாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆகவே மேற்படி சந்தில் யாருக்கும் வயிற்றுநோய் ஏற்படவில்லை என்று இந்நிலையம் எழுத்து மூலம் கண்டுபிடித்திருக்கிறது. உங்களுக்குக் காரணமின்மைச் சான்றிதழ் வழங்கப்படும். வாழ்த்துகள்.”

மதலேனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாவி! கடை! கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஒரே ஒரு சடங்கு பாக்கி. ஒப்பீட்டுக்கு உகந்த பூரண ஆரோக்கியசாலி ஒருவர், தாம் ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்று சான்றிதழின் அடியில் கையொப்பமிட வேண்டும். திருமதி மைமூன். நாளை காலைக்குள்.”

பேப்பர் கடைக்கு மேல்மாடியில் மைமூன் சுவரோரம் தலையணையில் சாய்ந்திருந்தாள். ஒன்றரை மாதமாகியும் கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. மதலேனா தாளை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலைப் பற்றிப் பேசினாள், மீன் விலையைப் பற்றிப் பேசினாள், எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள்.

“என்னடி, மூக்குத்தியத் தொலைச்சவ மாதிரி அலையுற? ஒக்காரு. என்ன அது கையில?”

வேறு வழியில்லாமல் படித்துக் காட்டினாள். மைமூன் முகம் மாறிப்போயிற்று.

“நான் பூரண ஆரோக்கியமா? டாக்டரம்மா எங்க ஆளுகிட்ட, சொந்தக்காரங்களுக்குத் தந்தி அடிச்சிருங்கன்னு சொன்னா. உசிரு போகப்போகுதுன்னு கலிமா சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்டி நான். அதுவும் நடக்கவே இல்லையா?”

“வேணாம் ராத்தா. விடுங்க.” மதலேனா தாளைச் சுருட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க வாசல்பக்கம் திரும்பினாள். “கடை என்ன பெரிய கடை. எங்கயாச்சும் வீட்டு வேலைக்குப் போயிருவேன். உங்கள பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லி நான் சோறு திங்கணுமா?”

“நில்லுடி. பொய் போடுறேன்னு யாரு சொன்னா? பேனாவக் கொண்டா.”

மைமூனுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. கீழக்கரையில் சின்ன வயதில் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஓர் அம்மையாரிடம் கற்றது அரபுத்தமிழ். பேச்சு நம் தமிழ்தான், எழுத்து அரபு எழுத்து, வலமிருந்து இடம் போவது. அதில்தான் உம்மாவுக்குக் கடிதம் போடுவாள், மளிகைச் சிட்டையும் எழுதுவாள். தாளின் கீழே கையொப்பத்துக்கென்று ஒரு பெரிய கட்டம் விட்டிருந்தார்கள். மைமூன் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பினாள். நிரப்பிவிட்டு விரல் வைத்துப் படித்தும் காட்டினாள்:

“குழாய் ஒடஞ்சு சாக்கடை கலந்துச்சு. அந்தத் தண்ணிய குடிச்சு எனக்கு மூணு நாள் பேதி, நாலு நாள் ஆஸ்பத்திரி. மதலேனா சமையல்ல ஒரு குத்தமும் இல்ல. அல்லா சாட்சி. எல்லாரும் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. இப்படிக்கு மைமூன்.”

மதலேனா தாளை எட்டிப் பிடித்தாள். “ராத்தா! இத அவங்க படிச்சாங்கன்னா சாவி போயிரும்!”

“படிக்கட்டுமே. படிக்கத்தானே சம்பளம் வாங்குறாங்க?”

காத்தோங் போகிற பஸ்ஸில் மதலேனா உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு லீலாவிடம் வேறு தாள் வாங்கலாம். ‘கைநாட்டு’ என்று தன் கட்டைவிரலையே வைக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று ஸ்டாப் வரை இந்த நினைப்பு கூடவே வந்தது. நாலாவது ஸ்டாப்பில் தாளை இரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். போவது போகட்டும். மைமூன் சாகப் பிழைக்கக் கிடந்தது நடந்தது. நடந்தது நடந்ததுதான்.

டாக்டர் சேதுபதி தாளை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“கையொப்பம் சற்று நீளமாக இருக்கிறதே?”

“அவங்க பெரிய குடும்பத்துப் பொம்பளைங்க ஐயா” என்றாள் மதலேனா.

பின்னறையில் கண்ணாடித் தகடு கழுவுகிற நூர்தீனைக் கூப்பிட்டார்கள். மலாய்க்காரர், அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி படிக்கத் தெரிந்தவர். அவர் விரல் வைத்து ஆரம்பித்தார். “கு... லா... யீ...” புள்ளி கூடின ஓர் எழுத்தில் தடுக்கி நின்றார். தாண்டிக் குதித்து, “சா... கா... டை...” என்று இழுத்தார். தட்டச்சின் சத்தம் சட்டென்று நின்றது. லீலா நிமிர்ந்து மதலேனாவைப் பார்த்தாள். மதலேனா சுவரைப் பார்த்தாள். லீலா உதட்டைக் கடித்துக்கொண்டு, முன்னைவிட வேகமாக எதையோ தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

“புக்கான் மெலாயு, டாக்டர்” என்று தலையை ஆட்டினார் நூர்தீன். மலாய் இல்லையாம். “எழுத்து எல்லாம் தெரியுது. அர்த்தம்தான் தெரியல” என்று அதையும் மலாயிலேயே சொன்னார்.

“அதனால் என்ன?” என்றார் டாக்டர் சேதுபதி. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பரவசத்தோடு திறந்தார். “ஆறு ஆண்டுகளாக இந்நிலையம் செய்துவருவதும் அதுதானே? காதுக்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஏதோ புனிதமான வாசகம்.”

நான்கு முத்திரை வைத்தார். உருண்டை முத்திரை சரியாகச் ‘சாக்கடை’ என்ற சொல்மேல் விழுந்தது.

முப்பதாம் தேதி மதலேனாவுக்குச் சாவி கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு, வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டினாள். ஆண்டறிக்கையில் நிலையத்தின் சாதனைகள் என்ற தலைப்பில் அது ஒன்றாம் எண். வெளிநாட்டு அறிஞர்கள் வந்தால் டாக்டர் சேதுபதி அவர்களை அந்தக் கடைக்குக் கூட்டிவந்து, சான்றிதழ் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். போகும்போது ஆளுக்கு இரண்டு இடியாப்பம் தின்பார்கள். கட்டத்தில் எழுதியிருப்பது என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு காலை நேரம், கூட்டம் ஓய்ந்த சமயம், தொப்பி வைத்த வயசாளி ஒருவர் கடைப்பக்கம் வந்து உட்கார்ந்தார். நாகூர்க்காரர், மகனைப் பார்க்கக் கப்பலேறி வந்தவர். மதலேனா இடியாப்பத்தை வைத்து, தம்ளரில் தண்ணீரும் வைத்தாள். அவர் தம்ளரை எடுத்தவர், கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்ததும் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிட்டே போனார். வலமிருந்து இடமாக உதடு அசைந்தது. ஒரு வரி, இரண்டு வரி. முத்திரை விழுந்த இடத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்துப் படித்தார். மதலேனா உரலைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றாள்.

கடைசி வரியில் அவர் விரல் நின்றது. திரும்பினார். தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“காய்ச்சுன தண்ணிதானேம்மா?”

“காய்ச்சுனதுதான் பாவா.”

அவர் உட்கார்ந்து, நிதானமாக, தம்ளர் காலியாகும்வரை குடித்தார்.